இரும்புக்கை மட்டும் ஏன் தெரிகிறது? பழைய படக்கதைகளின் உயிர் உள்ள கார்ட்டூன் தொடர்கள் பற்றி

09 ஜூன் 2024, இரவு 10.40

சின்ன வயதில் படித்த காமிக்ஸின் உணர்வு அப்படியே கிடைக்கிற கார்ட்டூன் தொடர் எது? இதுதான் என் கேள்வி. அதே கதாபாத்திரம் வருகிற தொடரைக் கேட்கவில்லை. அதே பெயர், அதே உடுப்பு, அதே குதிரை எல்லாம் இருந்தும் பத்து நிமிடத்தில் ரிமோட்டைத் தேடவைக்கிற தொடர்கள் எத்தனையோ உண்டு. முத்து காமிக்ஸையோ ராணி காமிக்ஸையோ வாங்கிய கையோடு கடை வாசலிலேயே நின்று முதல் பக்கத்தைப் புரட்டும்போது வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, அதைக் கேட்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூலத்தை எவ்வளவு ஒட்டிப் போகிறதோ அவ்வளவு உயிர் வரும். 1991-ல் வந்த டின்டின் தொடரைப் பாருங்கள். பிரான்சின் எலிப்ஸும் கனடாவின் நெல்வனாவும் சேர்ந்து எடுத்தது, 39 பகுதிகள். டின்டினைப் படைத்த எர்ஜே வரைந்த கட்டங்களையே எடுத்து நகரவிட்டது போல இருக்கும். இதைவிட நேர்மையான தொடர் எனக்குத் தெரியவில்லை.

10 ஜூன் 2024, காலை 6.15

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

தூக்கம் வரவில்லை. டின்டின் திபெத்துக்குப் போகிற கதையை மறுபடி போட்டுப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புத்தகத்தில் அந்தப் பனிப் பக்கங்களில் நான் நின்ற நேரம் இதில் இல்லை. மலை என்பது அங்கே வெறும் வெள்ளைத் தாள்தான். ஓரத்தில் சின்னச் சின்ன உருவங்கள். அந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது என் இஷ்டம். தொடரில் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. புத்தகத்தில் டின்டினின் நாய் ஸ்னோயி தனக்குள் பேசிக்கொண்டே வரும், பாதிச் சிரிப்பு அதில்தான். இங்கே அது குரைக்கிற நாய், அவ்வளவுதான்.

ஒட்டிப் போவது மட்டும் போதாது போலிருக்கிறது.

12 ஜூன் 2024

என் கேள்விக்குப் பதிலாக டக் டேல்ஸ் என்று மூன்று பேர் கீழே எழுதிவிட்டீர்கள். மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், பிறகு வருகிறேன்.

15 ஜூன் 2024, இரவு

நான் அச்சகத்தில் வேலை செய்கிறவன். ராயப்பேட்டையில், ஆஃப்செட். 26 வருடமாகத் தாளையும் மையையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என் கண்ணுக்கு முதலில் படுவது கதை இல்லை, கறுப்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான்.

1992-ல் தொடங்கிய பேட்மேன் தொடரை முதலில் பார்த்தபோது ஏதோ ஒன்று உறுத்தியது. இருட்டு வழக்கமான இருட்டாக இல்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. அதன் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்திருக்கிறார்கள். வழக்கமாக வெள்ளைத் தாளில்தான் வரைவார்கள். நாங்கள் அச்சில் செய்வதும் அதுதான், வெள்ளையின் மேல் கறுப்பை ஏற்றுவோம். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான எரிக் ராடம்ஸ்கி அதைத் தலைகீழாக்கினார். தாளே இரவு. ஜன்னல் வெளிச்சம், தெருவிளக்கு, மேகத்தின் விளிம்பு ஆகியவற்றை மட்டும் அதன்மேல் ஏற்றினார்கள். ஒரு கட்டடத்தை முழுசாக வரையவே வேண்டாம், நான்கு மஞ்சள் சதுரம் போதும்.

ராடம்ஸ்கியும் இன்னொருவரான புரூஸ் டிம்மும் முன்மாதிரியாகக் கொண்டது 1941-ல் ஃபிளெய்ஷர் ஸ்டுடியோ தொடங்கிய சூப்பர்மேன் குறும்படங்கள். மொத்தம் 17. அவற்றில் நிழல்கள் சுவரை விடப் பெரியவை. ஒரு மனிதன் கதவைத் திறந்தால் அவனுக்கு முன்னால் அவன் நிழல் அறைக்குள் வந்துவிடும். அந்த 17 படங்களில் ஒரு வசனமோ கதையோ பேட்மேன் தொடரில் இல்லை. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஒட்டிப் போகாமலே உயிர் வந்திருக்கிறது. இங்கேதான் என் 9-ம் தேதிக் கட்சி உடைந்தது.

அந்தத் தொடரில் ஒரு பகுதி உண்டு. புரூஸ் வெய்ன் (பேட்மேனின் நிஜப் பெயர்) சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த ஒரு பழைய தொலைக்காட்சி நாயகன், கிரே கோஸ்ட். அந்த நடிகர் இப்போது வயதாகி, வேலையில்லாமல், தன் பொம்மைகளை விற்று வாடகை கட்டுகிறார். அவருக்குக் குரல் கொடுத்தவர் ஆடம் வெஸ்ட், 1966 தொடரில் பேட்மேனாக நடித்தவர். பேட்மேன் தன் ரகசியக் குகையில் அந்தப் பழைய தொடரின் பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அதை அந்த நடிகர் பார்க்கிற காட்சியில் எனக்குக் கண் கலங்கும். முந்தைய தலைமுறைக்கு இவ்வளவு மரியாதையாக நன்றி சொன்ன கார்ட்டூனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

16 ஜூன் 2024

ஒரு தம்பி கேட்டிருக்கிறார், சூப்பர்மேன் காமிக்ஸில் பறந்ததைத்தானே ஃபிளெய்ஷரும் காட்டினார் என்று. இல்லை தம்பி. 1938-ல் வந்த கதையில் அவர் பறக்கமாட்டார், தாவுவார். உயரமான கட்டடத்தை ஒரே தாவலில் தாண்டுவார். குறும்படங்களில் தாவி இறங்கித் தாவி இறங்கி ஓடுவது பார்க்க நன்றாக இல்லை என்று பறக்கவிட்டார்கள். கார்ட்டூன்காரர்கள் தங்கள் வசதிக்காகச் செய்த மாற்றம்.

ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி குவின் விஷயத்திலும் இதே திசைதான். காமிக்ஸிலிருந்து வந்தவள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். 1992-ல் பேட்மேன் கார்ட்டூனுக்காக உருவாக்கினார்கள், அதற்கு அடுத்த வருடம்தான் காமிக்ஸுக்குப் போனாள்.

19 ஜூன் 2024, மதிய இடைவேளை

மிஷினில் பிளேட் மாற்றுகிறார்கள், பத்து நிமிடம் கிடைத்தது.

அந்த 17 சூப்பர்மேன் படங்களில் இரண்டாவதில் இயந்திர மனிதர்கள் வருகிறார்கள். கையை விரித்தால் பறக்கும், நகைக் கண்காட்சியைக் கொள்ளையடிக்கும். நீண்ட கை, சின்னத் தலை. இதே இயந்திரத்தை ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1980-ல் லூபின் கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதியில் பறக்கவிட்டார். பிறகு 1986-ல் லபுட்டா படத்தில் அது தோட்டத்தைக் காவல் காக்கிறது, அதன் தோளில் பாசியும் அணிலும். கொள்ளையடித்த இயந்திரம் 45 வருடத்தில் பூப்பறித்துக் கொடுக்கிற இயந்திரமாகிவிட்டது.

லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இதைப் பார்த்தால் அதில் வந்த இயந்திர மனிதன் ஆர்ச்சி ஞாபகம் வராமல் இருக்காது. அதே தகர உடம்பு.

23 ஜூன் 2024, ஞாயிறு

இன்று காலை திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு மணி நேரம். காமிக்ஸ் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று தோன்றியது. பத்து நாளாக என்னைச் சுற்றவைத்த கேள்விக்குப் பதில் அதுவாக இருக்கலாம்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். மூலம் 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் வந்தது, ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ வரைந்தார். மின்சாரம் பாய்ந்தால் லூயி கிராண்டேலின் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் மறையாது. ஏன் மறையாது? சின்ன வயதில் அதை விஞ்ஞானம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், கை மறைந்துவிட்டால் வரைவதற்கு அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இருக்காது! கதாநாயகன் இருக்கிற பக்கமெல்லாம் காலி அறையாகத்தான் இருக்கும். தாளில் மாயாவியைக் காட்ட ஏதோ ஒன்று தெரிந்தே ஆகவேண்டும். அந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்ததுதான் அந்தரத்தில் மிதக்கும் கை. நம்மைத் தூங்கவிடாமல் செய்த படம்.

இப்போது ஜாக்கி சான் அட்வெஞ்சர்ஸ். சுட்டி டிவியில் தமிழில் பார்க்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. பன்னிரண்டு மந்திரக் கற்கள், சீன ராசி மிருகங்களின் பெயரில். பாம்புக் கல்லை வைத்திருப்பவர் மறைந்துவிடுவார். முழுசாக. எனக்கு அந்தத் தொடர் உயிர்தான். ஆனால் பாம்புக் கல் காட்சிகளில் மட்டும் மாயாவி தந்த திகில் இல்லை. காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கார்ட்டூனில் காலியான அறையும் பேசும், காலடிச் சத்தம் போடலாம், நாற்காலியை நகர்த்தலாம். எதையும் மிச்சம் வைக்கவேண்டிய அவசியம் இல்லை.

இது என் புதுக் கட்சி. பழைய படக்கதைகளின் அழகு அவற்றிடம் இல்லாதவற்றிலிருந்து வந்தது. சத்தம் இல்லை, அசைவு இல்லை, வண்ணத்துக்குக் காசு இல்லை, பக்கம் குறைவு. எல்லாம் இருக்கிற காலத்திலும் அந்த இல்லாமையைத் தானாக விரும்பி ஏற்றுக்கொள்கிற தொடரில்தான் அந்த உயிர் வருகிறது. கறுப்புத் தாளும் அதுதானே?

24 ஜூன் 2024

ஜாக்கி சானைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று கோபம். நியாயம். 2000 முதல் 2005 வரை 95 பகுதிகள், அதில் ஒரு கல்லைத்தான் சொன்னேன். அதில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் மாமா கிழவனின் நச்சரிப்பு தமிழில் கேட்டபோது எங்கள் மேற்கு மாம்பலம் பெரியப்பாவே கடையைத் திறந்து உட்கார்ந்தது போல இருந்தது. அதுவும் காமிக்ஸின் வாரிசுதான், வேறு வழியில். மாயாவியும் லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் லண்டனிலும் நியூயார்க்கிலும் திரிந்தாலும் சிவகாசித் தமிழில்தானே நம்மிடம் பேசினார்கள்? டப்பிங்கும் அப்படி ஒரு மறுபிறவி. சுட்டி டிவி 2007-ல் வந்தது, அதற்கு முன்னால் பிள்ளையாக இருந்தவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

30 ஜூன் 2024

சோட்டா பீம். லட்டு சாப்பிட்டால் பலம் வரும். இது பாப்பாயின் கீரைதானே? ஹைதராபாத்தில் கிரீன் கோல்டு எடுத்த தொடர், 2008 முதல் போகோ சானலில். 1929-ல் காமிக்ஸில் பிறந்த நாளிலிருந்து பாப்பாய் கீரை டப்பாவைப் பிதுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதுவே இங்கே டோலக்பூரில் லட்டாகிவிட்டது. இது சாயல்தான், உயிர் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் என் அக்கா மகன் ஆறு வயது வரை லட்டைப் பிடித்தால் கையை முறுக்கிக் காட்டிவிட்டுத்தான் வாயில் போடுவான். அப்புறம் நான் என்ன சொல்ல.

01 ஜூலை 2024

மேலே எழுதியதில் தவறு. பாப்பாய் பிறந்த நாளிலிருந்து கீரை இல்லை. அவரைப் படைத்த சீகரின் காமிக்ஸில் முதலில் அவருக்குப் பலம் தந்தது ஒரு அதிசயக் கோழி, அதன் தலையைத் தடவினால் அதிர்ஷ்டம். கீரை பிறகுதான் வந்தது. அதை ஒவ்வொரு கதைக்கும் நிரந்தரமாக்கியது 1933 முதல் வந்த ஃபிளெய்ஷரின் கார்ட்டூன்கள். மறுபடியும் ஃபிளெய்ஷர். எந்தத் தெருவில் திரும்பினாலும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம்.

07 ஜூலை 2024, ஞாயிறு இரவு

சரி, டக் டேல்ஸ்.

2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாற்றுத் தண்ணீர் வந்தது. அம்மாவையும் அக்காவையும் மாடிக்கு ஏற்றுவதற்குள் இடுப்பளவு. கட்டிலுக்கு அடியில் இரும்புப் பெட்டி. 340 காமிக்ஸ். என் அப்பா வாங்கித் தந்தவை, நான் என் முதல் சம்பளத்திலிருந்து வாங்கியவை.

மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தேன். அச்சுக்காரனாகச் சொல்கிறேன், மை ஒன்றும் ஆகவில்லை. ஆஃப்செட் மை எண்ணெயில் செய்தது, தண்ணீருக்குக் கரையாது. போனது தாள்தான். நியூஸ்பிரிண்ட் ஊறிக் கஞ்சியாகிவிட்டது, வழவழப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி. ஒன்றைப் பிரித்தேன். மாயாவியின் கை ஒரு பக்கத்திலிருந்து உரிந்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது, கறுப்பு மங்காமல் அப்படியே. அதற்குமேல் பிரிக்கவில்லை. பெட்டியோடு தெருவோரக் குவியலில் வைத்துவிட்டு வந்தேன்.

அதன்பிறகு இரண்டு வருடம் எந்தக் காமிக்ஸையும் தொடவில்லை. அக்கா மகன் புது டக் டேல்ஸை ஃபோனில் போட்டுக் கொடுத்தான், அது 2017-ல் வந்த தொடர். தலைப்புக் காட்சி ஓடியது. வாத்துகள் ஒரு காமிக்ஸ் பக்கத்தின் கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவி ஓடுகின்றன. நான் ஃபோனைப் பிடுங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வண்ணத்தில் புள்ளிகள்! நாங்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கிற அதே அச்சுப் புள்ளி. எங்கள் வேலையே அந்தப் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான். இவர்கள் கோடிக்கணக்கான வண்ணம் காட்டும் திரையில் வேண்டுமென்றே அந்தப் புள்ளியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். பையன் பயந்துபோய், "என்னாச்சு மாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

08 ஜூலை 2024

நேற்று மனம் கனத்துவிட்டதால் தொடரைப் பற்றிச் சொல்லவே இல்லை.

டக் டேல்ஸின் பணக்கார வாத்து ஸ்குரூஜ் மாமா 1947 டிசம்பரில் பிறந்தார், கார்ல் பார்க்ஸின் பேனாவில். அந்தக் கதைகளில் பார்க்ஸின் பெயர் அச்சாகாது. படிக்கிற பிள்ளைகள் கோட்டைப் பார்த்தே இது அந்த நல்ல ஓவியர் வரைந்தது என்று பிரித்துச் சொல்வார்களாம். இதைவிடப் பெரிய விருது ஓவியனுக்கு என்ன இருக்கிறது?

1987-ன் பழைய டக் டேல்ஸைத் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை இந்தியில் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் தெருவில் யாருக்கும் இந்தி தெரியாது. பலூனில் எழுத்தில்லாத காமிக்ஸாகத்தான் அதைப் பார்த்தோம், ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டோம். அதில் ஒரு பகுதி பார்க்ஸின் 1954-ம் வருடக் கதையிலிருந்து வந்தது. பணம் என்றாலே என்னவென்று தெரியாத இமயமலைப் பள்ளத்தாக்கு. நிம்மதி தேடி அங்கே போன ஸ்குரூஜின் மருந்து பாட்டில் மூடி அந்த ஊர்க்காரர்களுக்குப் பொக்கிஷமாகிவிடுகிறது. எல்லோருக்கும் மூடி வேண்டும். விமானத்திலிருந்து மூடிகளைக் கொட்ட ஏற்பாடு செய்கிறார், கடைசியில் வயலெல்லாம் மூடி. பெட்டிக்கடை வாசலில் சோடா மூடி பொறுக்கி விளையாடிய எங்களுக்கு அந்தக் கதைக்கு மொழியே தேவைப்படவில்லை.

புதுத் தொடர் பழைய தொடரைத் தாண்டி நேராகப் பார்க்ஸிடம் போகிறது. ஸ்குரூஜின் கோட்டு 1987-ல் நீலம், 2017-ல் காமிக்ஸில் இருந்த சிவப்பு. பழைய தொடரில் டொனால்டைக் கடற்படைக்கு அனுப்பி ஓரம் கட்டிவிட்டார்கள். புதியதில் அவர் வீட்டு மனிதர். காமிக்ஸில் சாகசத்துக்குப் போவதே ஸ்குரூஜ், டொனால்ட், மூன்று பையன்கள் என்ற கூட்டம்தானே. கோட்டின் நிறத்தைவிட எனக்கு முக்கியம் அந்தக் கூட்டம் திரும்பச் சேர்ந்தது.

11 ஜூலை 2024

கௌபாய் லக்கி லூக் பற்றி ஒரு வரி. 1983-ல் கார்ட்டூன் தொடர் வந்தபோது வாயில் சிகரெட் இல்லை, புல்தண்டு. அவரைப் படைத்த மோரிஸ் அதே காலத்தில் புத்தகத்திலும் அப்படியே மாற்றினார், அதற்காக 1988-ல் உலகச் சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது. சிகரெட் போனதால் லக்கி மாறிவிட்டாரா? ஒரு துளியும் இல்லை. அவருடைய உயிர் அந்தச் சோம்பேறி நடையிலும், கொள்ளைக்கார டால்டன் சகோதரர்கள் உயர வரிசையில் நிற்பதிலும் இருக்கிறது.

14 ஜூலை 2024, ஞாயிறு

என் ஜூன் 23-ம் தேதிக் கட்சியை ஒரு தொடர் தொந்தரவு செய்கிறது. அதனால் அதை எழுதியே ஆகவேண்டும்.

ராணி காமிக்ஸில் நாம் மாயாவி என்று படித்த முகமூடி வீரர் ஃபாண்டம் (இரும்புக்கை மாயாவி வேறு), லீ ஃபாக்கின் 1936-ம் வருடப் படைப்பு. அவர் இரண்டு தொடர்களில் வந்தார். ஒன்று 1986-ன் டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த். அதில் இவரோடு மாண்ட்ரேக், லொதார், பிளாஷ் கார்டன் எல்லோரும் ஒரே அணி. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் நம்மைப் போன்றவர்களுக்கு தீபாவளி. பார்த்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள், ஒருவரும் வீட்டில் இல்லை.

இன்னொன்று 1994-ல் வந்த ஃபாண்டம் 2040. இதில் பழையது எதுவும் இல்லை. காடு இல்லை, குதிரை இல்லை, மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் உட்காரும் ஆள் இல்லை. எதிர்கால நகரம், படித்துக்கொண்டிருக்கிற ஒரு பையன். அவன் 24-வது ஆள். பீட்டர் சங் வரைந்த மெலிந்து நீண்ட உருவங்கள் காமிக்ஸின் கட்டுமஸ்தான உடம்புக்கு நேர் எதிர். இங்கே எந்த இல்லாமையையும் அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தங்களுக்குப் பிடித்ததைச் செய்தார்கள். ஆனாலும் முதல் பகுதியிலேயே அந்தப் புரளல் எனக்கு வந்தது.

ஏன் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். அந்தக் காமிக்ஸின் கருவே அப்பா இறந்தால் மகன் அதே உடுப்பைப் போட்டுக்கொள்வதுதான். உலகம் இவரைச் சாகாதவர் என்று நம்புகிறது, உண்மையில் 400 வருடமாக ஒருவர் மாற்றி ஒருவர். தொடரில் அந்தப் பையன் அப்பாவின் உடுப்பைக் கையில் வாங்கும்போது அவன் முகத்தில் பெருமை இல்லை, கனம் தெரிகிறது. அப்பா வாங்கித் தந்த பெட்டியை இழந்தவனுக்கு அது போதும். நகரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஒரு காடும் உண்டு. காட்டை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் தரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

ஆக என் கட்சிக்குள் இந்தத் தொடர் அடங்கவில்லை. அடங்காமலே இருக்கட்டும்.

21 ஜூலை 2024

மறு ஒளிபரப்பு மாதிரி ஒரே சூத்திரத்தில் வருகிற தொடர்களைக் கேவலமாக எழுதியிருக்கிறார் ஒரு நண்பர். அவருக்கு அம்புலிமாமாவை நினைவுபடுத்துகிறேன். 1947 ஜூலையில் தொடங்கி நம் வடபழனியிலிருந்து இத்தனை மொழிகளுக்குப் போன பத்திரிகை. விக்கிரமனும் வேதாளமும் ஒவ்வொரு மாதமும் ஒரே தொடக்கம், ஒரே முடிவு. மனம் தளராத விக்கிரமன் மரத்தில் ஏறுவார், வேதாளம் கதை சொல்லும், பதில் சொன்னதும் பறந்துவிடும். சங்கர் வரைந்த அந்தப் படம், உருவிய வாளோடு தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் ராஜா. மாறாமல் வந்தது. யாராவது சலித்துக்கொண்டோமா? அது வந்தால்தான் புத்தகமே வந்த மாதிரி.

கே. சி. சிவசங்கரன் என்கிற சங்கர், 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். கடைசி வரை சென்னையில்தான். 2021-ல், இறந்த பிறகு, பத்மஸ்ரீ. அவர் கோட்டில் ஒரு விக்கிரமன் வேதாளத் தொடர் வந்தால் அந்தச் சுடுகாட்டு மரத்தையும் எலும்புகளையும் அவர் விட்ட மாதிரியே விட்டு, ராஜாவின் நடையை மட்டும் அசைத்தால் போதும். முப்பரிமாணத்தில் பளபளவென்று செய்துவிடாதீர்கள் என்று யாரிடம் மனுப்போடுவது என்று தெரியவில்லை.

27 ஜூலை 2024

எக்ஸ்-மென் 97 பார்த்தீர்களா என்று கேட்டவர்களுக்கு, பார்த்தேன். 1997-ல் நின்ற தொடரை 2024-ல் அதே இசையோடு தொடங்கியிருக்கிறார்கள். இசை வந்ததும் மயிர்க்கூச்செறிந்தது. அது காமிக்ஸின் எதிரொலி இல்லை, கார்ட்டூனின் எதிரொலி.

04 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

புரூஸ் டிம்மின் புதுப் பேட்மேன் வந்துவிட்டது, கேப்டு குருசேடர். 1940-களில் நடக்கிறது. இரண்டு பகுதி பார்த்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் 1992-ன் கறுப்பு இதில் இல்லை. மேலே சொன்ன கறுப்புத் தாளைத்தான் தேடுகிறது கண். அவசரப்படாமல் மீதியையும் பார்க்கவேண்டும்.

நேற்று இரவு அக்கா பையனோடு சாமுராய் ஜாக்கில் மூன்று குருட்டு வில்லாளர்கள் வரும் பகுதியைப் பார்த்தேன். ஜெண்டி டார்டகோவ்ஸ்கி எடுத்தது, 2001. உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடே இல்லை. திரையைக் காமிக்ஸ் கட்டங்களாகப் பிளப்பார், நீளமாக ஒன்று, குறுக்காக ஒன்று. பனி. பார்க்கமுடியாத, காதால் குறிவைக்கிற மூன்று பேர். அவர்களை வெல்ல ஜாக் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு பனியில் உட்கார்கிறான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு சத்தமாக அவன் காதில் விழ ஆரம்பிக்கிறது, பனி விழும் சத்தம் உட்பட. வசனம் கிட்டத்தட்ட இல்லை. வெள்ளைத் திரை, நடுவில் ஒரு சின்ன உருவம்.

ஜூன் 10-ம் தேதி நான் தேடிய திபெத் பக்கம் இங்கே இருக்கிறது. டின்டின் தொடரில் கிடைக்காதது ஒரு சாமுராயிடம் கிடைத்துவிட்டது. எப்போதும் தொணதொணக்கிற பையன் அந்த ஐந்து நிமிடமும் வாயைத் திறக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

05 ஜனவரி 2025, ஞாயிறு இரவு

ஐந்து மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை, காலண்டர் சீசன். தீபாவளியிலிருந்து பொங்கல் வரை எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது.

இன்று நந்தனம் புத்தகக் கண்காட்சி. பையன் இழுத்துக்கொண்டு போனான். லயன்-முத்து காமிக்ஸ் அரங்கில் கூட்டத்தில் நின்று மாயாவி மறுபதிப்பு ஒன்று வாங்கினேன், வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய முதல் காமிக்ஸ். முகர்ந்து பார்த்தேன். மை புதுசு.

அச்சகத்தில் ஒரு வேலை பாக்கி இருந்தது, அவனையும் கூட்டிப்போனேன். தாள் கட்டின் மேல் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிட்டான். "கை மட்டும் ஏன் மாமா தெரியுது?" என்றான். எனக்குச் சொல்ல இத்தனை நாள் எழுதியதெல்லாம் இருந்தது. மிஷின் சத்தத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, "இல்லன்னா அவர் எங்க இருக்கார்னு நமக்கே தெரியாதுல்ல" என்று சொல்லிவிட்டு, வீணான தாள் ஒன்றை உருவிப் பின்பக்கம் திருப்பினான்.

மார்க்கர் பேனாவால் ஒரு கை வரைந்தான். விரல்கள் கொஞ்சம் தடித்துவிட்டன. சுற்றிலும் வேறு எதுவும் வரையவில்லை.